பின்னட்டையில் ஆடிய ஆட்டங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. அப்போது எங்கள் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஜில்லா கலெக்டராக இருந்த வெள்ளைக்காரரின் பெயரையே நூலகத்துக்கு வைத்தார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா தினமும் காலையில் அங்கே போய்த்தான் பேப்பர் படிப்பார். முழுப் பரீட்சை லீவுக்கு ராஜபாளையத்திலிருந்து நாங்கள் வந்து இறங்கியதும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். இரண்டு ஊருக்கும் இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனாலும் ராஜபாளையத்தில் மில் சங்கைக் கேட்டு நாள் நகரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் மணியைக் கேட்டு நகரும்.

தாத்தா தலையங்கத்தில் ஆரம்பிப்பார். நான் வாரப் பத்திரிகைகளையும் ஆங்கிலச் சிறுவர் இதழ்களையும் கவிழ்த்துப் போட்டுப் பின்னட்டையில் ஆரம்பிப்பேன். கலர் அங்கேதான் இருக்கும். பிஸ்கட், சைக்கிள், பற்பசை, ஜியாமெட்ரி பாக்ஸ் என்று எல்லாவற்றையும் விலை உட்படப் படித்து வைத்திருப்பேன். 1980களின் கடைசியில் அந்த வரிசையில் வீடியோ கேம் விளம்பரமும் எப்போதாவது ஒன்று வந்து சேர்ந்தது. அந்தப் பொருளை நேரில் பார்த்தவர் எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவர்கூடக் கிடையாது. எனக்கு வீடியோ கேம் என்றால் அந்த விளம்பரம்தான். பல வருஷங்கள் அப்படியே இருந்தது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், மதுரையில் படித்தான். லீவுக்கு வரும்போது அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்க காமிக்ஸ்களைக் கட்டாகக் கொண்டுவருவான். காமிக்ஸ் எங்களுக்குப் புதிதல்ல. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும், 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்துகொண்டிருந்தன. இரும்புக்கை மாயாவியைத் தெரியாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. ஆனால் அந்த அமெரிக்கப் புத்தகங்களில் கதை நடுவில் தொடங்கி நடுவிலேயே நின்றுவிடும், இங்கிலீஷும் கடினம். அதனால் நாங்கள் கதையை விட்டுவிட்டு விளம்பரங்களைப் படித்தோம். அவை ஒரே பக்கத்தில் தொடங்கி அதே பக்கத்தில் முடிந்தன.

அந்த இதழ்களில் பலவும் 1982, 1983-ஆம் வருஷத்தவை. அமெரிக்காவில் அட்டாரி வீடியோ கேம் எந்திரம் வீட்டுக்கு வீடு ஓடிய காலம். பின்னட்டையில் ஸ்பைடர்மேன் கட்டடத்தின்மேல் ஏறிக்கொண்டிருப்பான். அடுத்த இதழில் ஒரு தவளை லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கும். இன்னொன்றில் ஒருவன் காட்டுக்கொடியைப் பிடித்துக்கொண்டு முதலைகளின் தலைக்கு மேலே தாவுவான். ஆட்டத்தின் விதி என்ன, எத்தனை உயிர், எப்போது ஜெயிப்போம், எதுவும் பக்கத்தில் இருக்காது. அதை நாங்களே வகுத்தோம். தாத்தா வீட்டு முற்றத்தில் சாக்பீஸால் ரோடு போட்டோம். புளியங்கொட்டைதான் லாரி, தாயக்கட்டையில் விழும் எண்ணுக்கு அது நகரும். தவளைக்கு மட்டும் ஒரு சோழி. ஃபிராக்கர் என்ற ஆட்டத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் ஆடியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அந்தப் படங்களை யார் வரைந்தார்கள் என்று தேடிப் படித்தேன். 1977-இல் வந்த அட்டாரி 2600 எந்திரத்தின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இந்த ஒரு பத்தியைக்கூட அதற்குள் வைக்க முடியாது. திரையில் தெரிந்தவை கட்டங்களும் கோடுகளும்தான். 1980 வாக்கில் வந்த ‘அட்வெஞ்சர்’ ஆட்டத்தில் வீரன் ஒரு சின்னச் சதுரம். அவனைத் துரத்தும் பறவைநாகம் பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருக்கும். இதை விற்க வேண்டுமானால் அட்டைப்பெட்டியும் விளம்பரமும் மிச்சத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்காக கிளிஃப் ஸ்பான் என்ற ஓவியர் வந்தார். ஒரே படத்துக்குள் ஓடுகிறவன், குதிக்கிற குதிரை, வெடிக்கிற விமானம் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அவர் வரைந்த முறையை மற்ற ஓவியர்களும் பிடித்துக்கொண்டார்கள். அட்டாரியின் அடையாளமே அந்த ஓவியங்கள்தான் என்று ஆயிற்று.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்த வேலை நன்றாகப் பழக்கம். கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு சாமி படங்களுக்கு வந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடெங்கும் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்தவர் வரைந்ததுபோல வரைந்து கொடுத்தார்கள். பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். கொண்டையராஜு சுவருக்குச் செய்ததைத்தான் கிளிஃப் ஸ்பான் அட்டைப்பெட்டிக்குச் செய்தார் என்று நான் நினைக்கிறேன். படம் நன்றாக இருந்தால் மிச்சத்தைப் பார்க்கிறவர் மனசு பார்த்துக்கொள்ளும்.

எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. மேட்டல் நிறுவனம் தன் இண்டெலிவிஷன் எந்திரத்துக்காக ஜார்ஜ் பிளிம்ப்டன் என்ற எழுத்தாளரைக் கூப்பிட்டு நிறுத்தியது. அட்டாரியின் திரை ஒரு பக்கம், தங்கள் திரை மறுபக்கம். எது நிஜ பேஸ்பால் மாதிரி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் விளம்பரம். எறும்பு அளவு ஆட்கள் இருந்த அந்த இரண்டு திரைகளையும் நாங்கள் பார்த்தோம், இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. பேஸ்பாலே தெரியாத பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தெரியும்? ஓவியம் இருந்த விளம்பரங்களுக்கே நாங்கள் திரும்பிப் போனோம்.

‘காண்ட்ரா’ ஆட்டத்தின் படமும் அப்படிப்பட்டதுதான். இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்கும் அந்தப் படம் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் ஓஷன் நிறுவனத்துக்காக பாப் வேக்லின் என்பவர் வரைந்தது. 1987-இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தில் அர்னால்ட் நின்ற நிலைகளைப் பார்த்து வரைந்திருக்கிறார். பிறகு அதையே கோனாமி நிறுவனம் நிண்டெண்டோ கேசட்டின் பெட்டிக்கும் எடுத்துக்கொண்டது. நம் ஊர் சினிமா பேனர் வரைந்தவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். ஸ்டில் போட்டோவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது அவர்களுடைய அன்றாட வேலை.

1991-இல் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கலர் டிவி வாங்கிய வீடுகள் எங்கள் தெருவில் கூடின. அதோடு சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற வீடியோ கேம் எந்திரங்களின் பெயர்களும் காதுக்கு வந்தன. 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் அந்தக் காலத்தில் இந்தியச் சந்தையில் ஓடிய எந்திரங்களில் பலவும். மதுபானத் தொழிலுக்குப் பெயர்போன ஷா வாலஸ், 1990களின் நடுவில் சேகா எந்திரங்களை இங்கே கொண்டுவந்து விற்றது. பெரிய நகரத்துப் பிள்ளைகளைக் குறிவைத்த, விலை கூடிய பொருள் அது. எங்களுக்கு வந்து சேர்ந்தது வழக்கம்போல விளம்பரம் மட்டும்.

இந்த விளம்பரங்களின் சாயல் வேறு. ஓவியம் போய் போட்டோ வந்துவிட்டது. பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, பக்கத்தில் கேசட்டுகள். அவற்றுக்குள் எத்தனை ஆட்டம் என்று கொட்டை எழுத்தில் எண்ணைப் போட்டிருப்பார்கள். ஒன்பதுகளை வரிசையாக அடுக்கிய கேசட்டுகள் பிறகு கடைகளிலும் வந்தன. ஒரே ஆட்டத்தையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்க வைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் விற்பனையாளர் பட்டியல். அதை நான் மேலிருந்து கீழ் வரை தேடுவேன். மெட்ராஸ் இருக்கும். கோயம்புத்தூர் இருக்கும். மதுரை சில சமயம் இருக்கும். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. தேசம் முழுவதற்கும் பேசுகிற பக்கத்தில் நம் ஊர் இல்லை என்பதைப் பள்ளிக்கூடப் பூகோளத்தைவிட அந்தப் பொடி எழுத்து எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

ஒரு விளம்பரத்தின் மூலையில் புள்ளிக்கோட்டுக்குள் கூப்பன் இருந்தது. பூர்த்தி செய்து அனுப்பினால் விவரப் புத்தகம் இலவசம். பெயர், வயது, முகவரி எழுதி, வெட்டி, கவருக்குள் வைத்து அனுப்பினேன். நான் மறந்துபோன சமயத்தில் தபால்காரர் மடிப்பு மடிப்பான ஒரு வழவழத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தீப்பெட்டிப் படம் அளவில் ஒரு திரைக்காட்சி, அடியில் இரண்டு வரி. என் பெயருக்கு வந்த முதல் தபால் அது. அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். எங்களுடையது பெண்கள் பள்ளி. மத்தியான இடைவேளையில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு ஆறேழு பேர் அதைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கு ஓர் ஆட்டம். படத்தைப் பார்த்து, அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் அடுத்த படத்துக்குப் போகலாம். மரியோ குழாய்க்குள் இறங்கினால் எங்கே போவான் என்பதற்கு ஒருத்தி சதுரகிரி மலைக்குள் போவான் என்றாள். அந்தப் பதிலுக்கு எல்லோரும் கைதட்டினோம்.

அதே காலத்தில் ராஜபாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வீடியோ கேம் கடை ஒன்று வந்தது. ஒரு நீள அறை, மூன்று நான்கு டிவி, மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். நானும் வருகிறேன் என்று கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. “அங்கெல்லாம் பயலுகதான் போவாங்க தாயி, நீ போனா நல்லா இருக்காது” என்றார். கடை வாசலில் பெண்கள் வரக் கூடாது என்று எழுதி வைத்திருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. தம்பி வந்து காண்ட்ராவின் கதையைச் சொல்வான். அருவியில் ஏறும் கட்டம் மூன்றாவது என்று நான் அவனுக்கு முன்பே சொல்வேன். “ஆடாமலே உனக்கு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்பான். விவரத் தாள் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

கல்லூரிக் காலத்தில் ஓர் உறவினர் வீட்டில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி மரியோ ஆடினேன். சந்தோஷமாக இருந்தது. குழாய்க்குள் இறங்கினால் பொற்காசு அறை வந்தது, சதுரகிரி வரவில்லை. தாளில் ஆடிய ஆட்டம் அதைவிடப் பெரியது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

இந்த விளம்பரங்களை இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கும்போது அப்பா சொன்னது அவர் மட்டும் சொன்னதில்லை என்று தெரிகிறது. 1971-இல் வந்த ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’, காசு போட்டு ஆடும் எந்திரங்களில் விற்பனைக்கு வந்த முதல் வீடியோ கேம். அதன் விளம்பரத் தாளில் மெல்லிய கவுன் அணிந்த ஒரு பெண் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறாள். அவள் ஆடவில்லை. பிறகு அட்டாரி வீட்டுக்குள் வந்தபோது படம் மாறியது: சோபாவில் அப்பா, அம்மா, பிள்ளைகள், சில படங்களில் பாட்டியும்கூட. எல்லோர் முகத்திலும் டிவி வெளிச்சம். நான் காமிக்ஸ் பின்னட்டையில் பார்த்தது இந்த உலகத்தைத்தான். பெண் பிள்ளையின் கையிலும் ஜாய்ஸ்டிக் இருந்தது.

1983-இல் அமெரிக்காவில் அந்தத் தொழில் சரிந்தது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரில் குழிவெட்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள். கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டதால், 1985-இல் நிண்டெண்டோ தன் எந்திரத்தை ஒரு ரோபோவோடு சேர்த்துப் பொம்மையாக விற்றது. பொம்மைக் கடையில் ஆண் பிள்ளைக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைக்கு ஒரு வரிசை. வீடியோ கேம் ஆண் பிள்ளை வரிசையில் போய் உட்கார்ந்தது. 1989-இல் வந்த கைக்கருவிக்குப் பெயரே கேம் பாய். 1990களின் விளம்பரங்களில் சத்தமும் எச்சிலும் ரத்தமும் கூடின; சோபாவிலிருந்து பாட்டியும் அம்மாவும் எழுந்து போய்விட்டார்கள். நம் நாட்டில் நான் பார்த்த ஒரு விளம்பரத்தில் பையன் ஆடுகிறான், தங்கை பின்னால் நின்று கைதட்டுகிறாள். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பக்கம் சொன்னதையேதான் சொன்னார்.

அட்டாரி காலத்திலேயே ஆட்டங்களைச் செய்தவர்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். அட்டாரியின் ‘சென்டிபீட்’ ஆட்டத்தை எட் லாக் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. 1982-இல் ஆக்டிவிஷனுக்காக ‘ரிவர் ரெய்ட்’ செய்தவர் கேரல் ஷா. அதுவரை செய்தவர் பெயரே வெளியே தெரியாமல் ஆட்டங்கள் விற்றுக்கொண்டிருந்த தொழிலில், ஆக்டிவிஷன் தன் கலைஞர்களின் பெயரைப் பெட்டியிலேயே போட்டது. அந்தப் பெட்டி ஒன்று எங்கள் மத்தியான வட்டத்துக்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆண்டாளின் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நாங்கள். ஒரு பெண் செய்தாள் என்று சொன்னால் எங்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோது பழைய பக்கங்களைத் தேடினேன். அமெரிக்க விளம்பரங்கள் கிடைக்கின்றன. நம் நாட்டு விளம்பரங்கள் கிடைப்பது அரிது. காரணத்தை யோசித்துப் பார்த்தால் நம் வாசிப்புப் பழக்கமே காரணம். நம் வீடுகளில் பத்திரிகையைச் சேர்க்கிற வழக்கம் பலமாக உண்டு. ஆனால் சேர்ப்பது தொடர்கதையை. வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்வோம். கதைக்குப் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்ட கிரைப் வாட்டர், தலைவலித் தைலம் விளம்பரங்கள் அதனால் பிழைத்தன. கலர் விளம்பரங்கள் இருந்தது அட்டையில். பைண்டிங்கில் முதலில் கிழித்துப் போடுவது அட்டையை. வீடியோ கேம் விளம்பரங்கள் அப்படித்தான் முதலில் போயின.

மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. அங்கிருந்து கொஞ்சம் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்க, கொஞ்சம் சிவகாசிக்கு வெடிக்குத் தாள் சுருட்ட. எங்கள் ஜில்லாவில் படித்து முடித்த காகிதத்துக்கு வேலை இல்லாமல் போனதே கிடையாது. பிழைப்பு அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் விவரத் தாளும் வீடு மாறியபோது அந்த வழியில்தான் போயிருக்க வேண்டும்.

ஆனால் வேறு வழி இருப்பதை இந்த மண்ணிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி இங்கேயே விட்டுவைத்தது. அதைக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்றுக்கென்றே 2017-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கிறார்கள். விளம்பரத்தை விலக்கிவிட்டுக் கட்டுரையை மட்டும் எடுப்பதில்லை. விளம்பரத்தோடு முழு இதழையும் வைக்கிறார்கள். எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது, என்ன விலை, யாருக்கு என்று நினைத்து விற்றார்கள் என்பதையெல்லாம் கட்டுரை சொல்லாது. விளம்பரம்தான் சொல்லும்.

உங்கள் வீட்டுப் பரணில் 1980, 90களின் சிறுவர் இதழோ, கூப்பன் அனுப்பி வாங்கிய விவரத் தாளோ, கேசட் வந்த அட்டைப்பெட்டியோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டையோடு, விளம்பரத்தோடு, முழுதாக வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் இரண்டு பக்கமும் படமெடுத்துவிட்டு, வாங்கிக்கொள்ளும் நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். படத்தின் பின்னால் ஊர் பெயரையும் வருஷத்தையும் எழுதுங்கள். விற்பனையாளர் பட்டியலில் இல்லாத ஊர்களிலும் பிள்ளைகள் அந்த ஆட்டங்களை ஆடினார்கள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.